தனியாக ஒரு நாள், இரண்டு பூங்காக்கள்: யூட்டாவின் செம்பாறை நாட்டில் கார்ப் பயணம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. விவிலியத்தில் வரும் அதே பெயர்தான். ஊரிலிருந்து வடக்கே ஐந்து மைல் போனால் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாசல். அதைத் தாண்டி மேலும் சில மைல் போய் மேற்கே திரும்பினால் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. இரண்டையும் ஒரே நாளில், தனி ஆளாகக் கார் ஓட்டிப் பார்த்துவிட முடியுமா என்று புதிதாக அமெரிக்கா வந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

முடியும். ஆனால் வெயில் சொல்கிற வரிசையில் போக வேண்டும். அதிகாலையில் கேன்யன்லேண்ட்ஸ், உச்சி வெயிலில் ஓய்வு, பிற்பகலிலும் மாலையிலும் ஆர்ச்சஸ். இந்த வரிசையை மாற்றினால் நாள் கெட்டுப்போகும். முதல் முறை நான் போனபோது ஆர்ச்சஸ் பக்கத்தில் இருக்கிறதே என்று காலையில் அங்கே நுழைந்தேன். நண்பகலில் கேன்யன்லேண்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் வெளுத்துத் தட்டையாகக் கிடந்தது. நிழல் இல்லாவிட்டால் அந்த ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் போயும் பாதியைத்தான் பார்த்தேன். அடுத்த முறை வரிசையை மாற்றிப் போனேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பயணத்தின் வழியில் செல்கிறது.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் மாதம். ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். நிழலே இல்லாத பாறையில் அந்த வெயிலில் தனியாக நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது, செம்பாறை மேல் பனி விழுந்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் பாதைகளில் உறைபனி வழுக்கும் என்பதால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம். கீழே தந்திருக்கும் நேரங்கள் அக்டோபர் தொடக்கத்துக்கானவை. அப்போது சூரியன் காலை ஏறத்தாழ 7.15 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறையும். வேறு மாதத்தில் போனால் உதயத்தையும் மறைவையும் பார்த்து மற்ற நேரங்களை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது தங்குமிடம். மோவாபில் இரண்டு இரவுகள் தங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து மோவாப் ஏறத்தாழ 235 மைல், நான்கு மணி நேர ஓட்டம். கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷனிலிருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விடியும் முன் எழுந்து, பகலெல்லாம் நடந்து, இரவில் நான்கு மணி நேரம் தனியாக ஓட்டித் திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் பேச ஆள் இல்லாமல், இருண்ட நெடுஞ்சாலையில், மான்கள் குறுக்கே வரும் வேளையில் தூக்கம் கண்ணை இழுத்தால் எழுப்புவதற்கு ஒருவரும் இல்லை. பூங்கா பார்ப்பதற்கு முந்தைய நாள் மாலை மோவாபுக்கு வந்துவிடுங்கள், பார்த்து முடித்த மறுநாள் காலை நிதானமாக ஊர் திரும்புங்கள்.

மூன்றாவது கார். இந்த வழியில் போக வேண்டிய இடமெல்லாம் தார்ச்சாலைதான். சாதாரண வாடகைக் கார் போதும், நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்துவிடுங்கள். வாடகை நிறுவனத்தின் மேசையில் நின்று வாதாடுவதைவிட அது எளிது. மண்சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், கேன்யன்லேண்ட்ஸில் ஷேஃபர் என்றொரு மண்பாதை மலைமுகட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாகப் பள்ளத்தில் இறங்குகிறது. கைபேசியின் வழிகாட்டிச் செயலி சில நேரம் அதைக் குறுக்குவழி என்று காட்டும். தார் முடிகிற இடத்தில் நில்லுங்கள், திரும்புங்கள்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு, ஒரு பூங்காவுக்கு 30 டாலர். அந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்துத் தென்கிழக்கு யூட்டா ஆண்டுச் சீட்டு 55 டாலருக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு நாளுக்கு அதுவே போதும். நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஆண்டுச் சீட்டு அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டவருக்கு அதன் விலை 250 டாலர் என்பதால், சுற்றுலாவாக வந்தவர்கள் எத்தனை பூங்கா பார்க்கப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆர்ச்சஸ் பூங்காவுக்கு இன்னொரு விஷயம் உண்டு. கூட்ட நெரிசலால் 2022 முதல் சில ஆண்டுகள் பரபரப்பான மாதங்களில் பகல் நேரத்தில் நுழைய முன்பதிவு வேண்டும் என்று விதித்தார்கள். இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. பயணத் தேதியைத் தீர்மானித்த அன்றே தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஆர்ச்சஸ் பக்கத்தைத் திறந்து அந்த ஆண்டின் விதியைப் பாருங்கள். முன்பதிவு தேவை என்றிருந்தால் பிற்பகல் 2 மணியை ஒட்டிய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, தனியாகப் போகிறவர்களுக்கு மிக முக்கியமானது. நம்பகமான ஒருவருக்கு நாளின் திட்டத்தை எழுதி அனுப்புங்கள். காரின் நிறமும் எண்ணும், எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு நடப்பீர்கள், இரவு எத்தனை மணிக்குள் "வந்துவிட்டேன்" என்று செய்தி அனுப்புவீர்கள், அந்த நேரம் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இந்தியாவில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதைவிட அமெரிக்காவிலேயே இருக்கும் நண்பருக்கு அனுப்புவது நல்லது. 911 என்ற அவசர உதவி எண்ணை அவரால் உடனே அழைக்க முடியும். அம்மாவுக்கு மறுநாள் படங்களை அனுப்பிக்கொள்ளலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு நான்கு லிட்டர். இது மிகையான கணக்கு இல்லை. அங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது. வியர்வை தோலில் தங்காமல் ஆவியாகிவிடுவதால் உடல் வற்றுவதே தெரியாது. சென்னை வெயிலில் பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். சட்டை நனையவில்லையே, அப்படியென்ன வெயில் என்று நினைத்துவிடுவோம். தலைவலி வந்த பிறகுதான் புரியும். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். வறுத்த வேர்க்கடலை, முறுக்கு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று எதுவாக இருந்தாலும் சரி.

உணவையும் கையில் கொண்டு போய்விடுங்கள். இரண்டு பூங்காக்களுக்குள்ளும் சாப்பாட்டுக் கடை இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை. சமையலறை உள்ள விடுதியில் தங்கினால் முந்தைய இரவே புளியோதரை கிளறிவிடுங்கள். நம் ஆட்கள் நெடும்பயணத்துக்குப் புளியோதரை கட்டியது வீண் பழக்கமில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் தயிர்சாதம் நண்பகலுக்குள் புளித்துவிடும், புளியோதரை மாலை வரை தாங்கும்.

இவை தவிர, நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஹெட்லேம்ப் ஒன்று வேண்டும். விடியற்காலையும் இரவும் நடக்கப் போகிறீர்கள், கைபேசி விளக்கை நம்ப வேண்டாம். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி, அகன்ற தொப்பி, காலைக் குளிருக்கு ஒரு தடித்த மேற்சட்டை, பவர் பேங்க். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பூங்காக்களுக்குள் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடைக்காது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அதைப் பறக்கவிடுவது சட்டவிரோதம்.

முந்தைய இரவே பெட்ரோல் தொட்டியை நிரப்புங்கள். பம்பில் அட்டையைச் செருகினால் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்கும். வெளிநாட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அங்கே திண்டாடுவார்கள். கடைக்குள் போய்ப் பம்பின் எண்ணைச் சொல்லி முன்பணம் கட்டினால் வேலை முடிந்தது.

காலை 5.15: இருட்டில் புறப்பாடு

மோவாபிலிருந்து 191ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போங்கள். ஏறத்தாழ 10 மைல் கழித்து இடப்பக்கம் 313ஆம் எண் சாலை பிரியும். அதில் 22 மைல் போனால் கேன்யன்லேண்ட்ஸின் 'ஐலண்ட் இன் தி ஸ்கை' பகுதி. பெயருக்கு ஏற்றபடி அது வானத்தில் நிற்கும் தீவுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், சுற்றிலும் செங்குத்தாக இறங்கும் மேட்டு நிலம். அந்த மேட்டை வெளியுலகோடு இணைக்கும் பாறைக் கழுத்து 40 அடி அகலம்தான். சாலை அதன் மேலேதான் போகிறது. இருட்டில் அதைக் கடந்துபோனது தெரியாது, திரும்பும்போது பாருங்கள்.

வலப்பக்கம் ஓட்டப் பழகாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போக்குவரத்துள்ள சாலையில் யாரும் பக்கம் மாற்றி ஓட்டிவிட மாட்டார்கள், முன்னால் போகும் கார் வழி காட்டிவிடும். தவறு நடப்பது ஆளில்லாத இடத்தில்தான். விடிகாலையில் காலியான வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சாலைக்குத் திரும்பும்போது, கை தானாக இடப்பக்கத்துக்குப் போகும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் "நடுக்கோடு என் இடக்கைப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். தனியாகத்தானே இருக்கிறீர்கள், வெட்கமில்லை.

313ஆம் எண் சாலையில் மாடுகளும் மான்களும் குறுக்கே வரும். வேக எல்லைக்குக் கீழேயே ஓட்டுங்கள். அதற்காகத்தான் கால் மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

காலை 6.15: மேசா ஆர்ச்

பார்வையாளர் மையத்தைத் தாண்டி ஆறு மைலில் மேசா ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவுக்கான நிறுத்துமிடம். சிறிய இடம், சீக்கிரம் நிரம்பிவிடும். அங்கிருந்து போகவர ஒரு கிலோமீட்டர் நடை. இருட்டில் முதல் நடை இது என்பதால் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் பாதையை விட்டு விலகாமல் போங்கள்.

விலகக் கூடாது என்பதற்கு வழி தவறிவிடும் என்பது மட்டும் காரணமில்லை. பாதையின் இருபுறமும் கருத்து, முண்டும் முடிச்சுமாக, கரையான் புற்றின் சிறு பதிப்புபோல ஒரு மண் தெரியும். அது உயிருள்ள மண். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் தம் இழைகளால் மணலைக் கட்டிப் பிடித்து, நீரைத் தேக்கி, காற்றிலிருந்து நைட்ரஜனை மண்ணுக்குத் தருகின்றன. அந்த நிலத்தில் ஒரு புல் முளைக்கிறது என்றால் இந்த மேலோடுதான் காரணம். ஒரு காலடி பட்டால் அது நொறுங்கிவிடும், மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். படம் எடுக்க இரண்டடி தள்ளி நிற்கலாம் என்று தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாறை மேல் நில்லுங்கள், பாதையில் நில்லுங்கள், வறண்ட ஓடைமணலில் நில்லுங்கள். வேறெங்கும் கால் வைக்க வேண்டாம்.

மேசா ஆர்ச் பெரிய வளைவு இல்லை. ஆனால் அது பாறை விளிம்பிலேயே நிற்கிறது, அந்தப் பக்கம் அதலபாதாளம். சூரியன் எழுந்ததும் ஒளி கீழேயுள்ள செம்பாறைச் சுவரில் பட்டுத் தெறித்து வளைவின் அடிப்பகுதியை ஒளிர வைக்கிறது. உலைக்களத்தில் காய்ச்சிய இரும்பு போலச் சில நிமிடங்கள் அது தகதகக்கும். வளைவின் வழியே தொலைவில் லா சால் மலைத்தொடர் தெரியும். புகைப்படக்காரர்கள் முக்காலி போட்டு நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர்களோடு முட்டி மோத வேண்டாம். இரண்டடி பின்னால் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அந்த ஒளி எல்லோருக்கும் எட்டும். தடுப்புக் கம்பி எதுவும் கிடையாது. வளைவின் மேல் ஏறுவதற்கு அனுமதியில்லை.

காலை 8 முதல் 11 வரை: சாலை முடியும் இடம் வரை

கூட்டம் கலையும் முன் நீங்கள் கிளம்பிவிடுங்கள். சாலையின் கடைசி முனை கிராண்ட் வியூ பாயின்ட். பார்வையாளர் மையத்திலிருந்து 12 மைல். நிறுத்துமிடத்தை ஒட்டியே ஒரு பார்வை முனை இருக்கிறது. பெரும்பாலானோர் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். விளிம்பை ஒட்டிப் போகவர ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் பாதை ஒன்று அங்கிருந்து தொடங்குகிறது. ஏற்ற இறக்கம் அதிகமில்லை. என்னைக் கேட்டால் இந்த நாளின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் இதுதான், மாலையில் பார்க்கப்போகும் புகழ்பெற்ற வளைவைவிடவும்.

காலையின் சாய்ந்த ஒளியில் பள்ளத்தாக்கு அடுக்கடுக்காகத் தெரியும். 1,000 அடிக்கு மேல் கீழே ஒரு வெள்ளைப் பாறை விளிம்பு, தட்டின் ஓரம்போல வளைந்து வளைந்து போகிறது. அதற்குள் இன்னொரு பள்ளம். அதற்கும் கீழே எங்கோ கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. 1869இல் ஜான் வெஸ்லி பவல் தலைமையில் ஒரு குழு படகுகளில் இந்த ஆறுகளின் வழியே வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர் பவல். மேலே நின்று பார்க்கும் நமக்கே தலை சுற்றுகிறது. கீழே, அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் போனார்கள்.

இது 1964இல்தான் தேசியப் பூங்கா ஆனது. ஆர்ச்சஸின் கண்காணிப்பாளராக இருந்த பேட்ஸ் வில்சன் பல ஆண்டுகள் வலியுறுத்தி, அதிகாரிகளை நேரில் அழைத்துப்போய்க் காட்டி, இதைக் காப்பாற்றினார். நாம் நிற்கும் விளிம்பில் கடையோ விடுதியோ இல்லாமல் இருப்பதற்கு அவரைப் போன்றவர்களே காரணம்.

திரும்பும் வழியில் கிரீன் ரிவர் பார்வை முனையில் பத்து நிமிடம். பிறகு அப்ஹீவல் டோமுக்குப் பிரியும் கிளைச் சாலை. அங்கே முதல் பார்வை முனைக்கு ஏறுவது சிறு நடைதான், ஆனால் மூச்சு வாங்கும். மேலேறினால், அதுவரை கிடைமட்டமாக அடுக்கப்பட்டிருந்த பாறைகளெல்லாம் ஒரு பெரிய கிண்ணத்துக்குள் தாறுமாறாக மேலெழும்பி நிற்பதைப் பார்க்கலாம். உப்புப் பாறை அடியிலிருந்து முட்டியதால் வந்ததா, விண்கல் மோதியதால் வந்ததா என்று புவியியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். கடும் மோதலில் மட்டுமே உண்டாகும் அதிர்வுத் தடங்கள் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் அங்கே கிடைத்த பிறகு விண்கல் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. நேரம் 10.30ஐத் தாண்டிவிட்டால் இதை விட்டுவிடுங்கள். பாறையில் ஆர்வமில்லாதவர்களும் விட்டுவிடலாம்.

11 மணிக்குப் பார்வையாளர் மையத்தில் நிறுத்தி, ரேஞ்சர் எனப்படும் பூங்கா அலுவலரிடம் பேசுங்கள். "ஆர்ச்சஸில் இன்று எந்தப் பாதையாவது மூடியிருக்கிறதா? மாலையில் மழை வருமா?" என்ற இரண்டு கேள்விகள் போதும். மழை என்றால் அலட்சியம் கூடாது. மேகம் தொலைவில் பெய்தாலும் வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளம் பாயும்.

டெட் ஹார்ஸ் பாயின்ட் என்ற மாநிலப் பூங்காவும் இதே சாலையில்தான் இருக்கிறது. கொலராடோ ஆறு 2,000 அடி கீழே குதிரை லாடம்போல வளைவதைப் பார்க்கலாம். ஆனால் அதற்குக் கட்டணம் தனி. இதே நாளில் அதையும் சேர்க்க நினைத்தால் பகல் ஓய்வு போய்விடும். அடுத்த நாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் பாருங்கள்.

நண்பகல் 12 முதல் 1.45 வரை: படுத்து உறங்குங்கள்

அறைக்கு வாருங்கள், சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் இந்த ஒன்றைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் பயணத்தில் வெட்டலாம், தனியாக ஓட்டுகிறவர் வெட்டக் கூடாது. எழுந்ததும் பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிற்பகல் 2 மணி: ஆர்ச்சஸ்

வாசலைக் கடந்ததும் சாலை பாறைச் சுவரில் வளைந்து வளைந்து ஏறும். கொல்லிமலை ஓட்டியவர்களுக்கு இது ஒன்றுமில்லை. உள்ளே ஒரே முதன்மைச் சாலை. 18 மைல் போய் டெவில்ஸ் கார்டனில் முடிகிறது. வழியில் எங்கே அழகைப் பார்த்தாலும் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஓரம் கட்ட ஒதுக்கிய இடங்கள் நிறைய இருக்கின்றன.

இந்தப் பூங்காவில் 2,000க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகள் உள்ளன. குறைந்தது மூன்று அடி திறப்பு இருந்தால்தான் வளைவு என்று கணக்கில் சேர்ப்பார்கள். இத்தனை வளைவுகள் ஏன் இங்கே? அடியில் உப்பு இருக்கிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து வற்றிய கடல் விட்டுச்சென்ற உப்பு. அதன் மேல் மணற்பாறை ஏற ஏற, பாரத்தில் உப்பு நகர்ந்து புடைத்தது. மேலே இருந்த பாறை விரிசல் விட்டு, இணையான மெல்லிய சுவர்களாக நின்றது. விரிசலில் இறங்கிய நீர் பனியாக உறைந்து விரிந்து சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சுவரின் நடுவே ஓட்டை விழுந்தால் வளைவு. ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு நாள் வளைவு விழும்.

பார்க் அவென்யூவில் இறங்கி ஐந்து நிமிடம் பாருங்கள். உயர்ந்த பாறைச் சுவர்கள் கட்டடங்கள்போல வரிசையாக நிற்பதால் நியூயார்க் வீதியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பிறகு, வாசலிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மைலில் பேலன்ஸ்டு ராக். 128 அடி உயரம், கழுத்து மெலிந்த தூண்மேல் ஒரு பெரும்பாறை. மாமல்லபுரத்தின் வெண்ணெய்ப் பந்து நினைவுக்கு வராமல் இருக்காது. அதன் அருகே வலப்பக்கம் திரும்பினால் விண்டோஸ் பகுதி. இங்கே முக்கால் மணி நேரம் கொடுங்கள். டபுள் ஆர்ச்சின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரே அடித்தளத்திலிருந்து இரண்டு வளைவுகள் கிளம்பி வானத்தைத் துண்டு போடுவது தெரியும். நடை மிகக் குறைவு, குழந்தைகளும் முதியவர்களும் வந்து நிற்பார்கள். தனியாக வந்தவர்கள் தம்மைப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்க ஏற்ற இடம் இது. யாரிடம் கேட்கிறீர்களோ அவர்கள் குடும்பத்தை நீங்கள் முதலில் எடுத்துக் கொடுங்கள்.

3.30க்கு டெவில்ஸ் கார்டன். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை போகவர மூன்று கிலோமீட்டர், எளிய பாதை. 306 அடி அகலத்துக்கு நீளும் அந்த வளைவு வட அமெரிக்காவிலேயே மிக நீளமானது. நடுப்பகுதி அவ்வளவு மெல்லியது. 1991 செப்டம்பரில் அதன் அடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தவர்கள் பாறை முறியும் சத்தம் கேட்டு ஓடினார்கள். 60 அடி நீளமுள்ள பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அன்றிலிருந்து அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். அதே பாதையில் இருந்த வால் ஆர்ச் என்ற இன்னொரு வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் முழுவதுமாகச் சரிந்தது. கற்கள் இன்னும் கிடக்கின்றன.

லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு அப்பால் பாதை கடினமாகிறது, பாறைச் சுவரின் முதுகில் ஏற வேண்டும். நான் ஒரு முறை "இன்னும் கொஞ்சம்" என்று ஏறினேன். பாட்டிலில் கால் பாகம் தண்ணீர்தான் இருந்தது. காற்று பலமாக அடித்தது, முன்னும் பின்னும் ஆளில்லை. உட்கார்ந்து யோசித்துத் திரும்பினேன். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். பாதித் தண்ணீர் தீர்ந்தாலோ, குறித்த நேரம் வந்தாலோ, எங்கே இருந்தாலும் திரும்புவது. தனியாக இருப்பவருக்கு "போதும், வா" என்று சொல்ல ஆள் இல்லாததால் அதை முன்கூட்டியே தானே சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும். இன்று 4.30க்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள்.

மாலை 5 மணி: டெலிகேட் ஆர்ச்

யூட்டாவின் கார் எண் பலகையில் இருக்கும் வளைவு இது. நடை தொடங்கும் இடம் உல்ஃப் ராஞ்ச். தொடக்கத்திலேயே ஒற்றை அறை மரக்குடில் ஒன்று நிற்கிறது, கடந்து போய்விடாதீர்கள். ஜான் வெஸ்லி உல்ஃப் என்ற முன்னாள் போர்வீரர், உள்நாட்டுப் போரில் பட்ட கால் காயம் உலர்ந்த காற்றில் தணியும் என்று நம்பி 1898இல் ஓஹையோவிலிருந்து மகனோடு இங்கே வந்தார். 1906இல் மகள் குடும்பத்தோடு வந்தபோது கட்டியதுதான் இந்தக் குடில். மரப்பலகைத் தரை போட வேண்டும் என்று மகள் கேட்டாளாம். 1910இல் எல்லோரும் ஓஹையோவுக்கே திரும்பிவிட்டார்கள். பக்கத்திலேயே யூட் பழங்குடியினர் பாறையில் கீறிய குதிரைகளும் கொம்பாடுகளும் இருக்கின்றன. தொடாதீர்கள், விரலின் எண்ணெய் அவற்றைக் கெடுக்கும்.

போகவர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், 480 அடி ஏற்றம். தூரத்தைப் பார்த்து எளிது என்று நினைக்காதீர்கள். நடுப்பகுதி முழுவதும் மரமில்லாத வெறும் பாறைச் சரிவு. அங்கே பாதை என்று எதுவும் தெரியாது, சிறு கற்களை அடுக்கி அடையாளம் வைத்திருப்பார்கள். ஒரு கற்குவியலில் நின்று அடுத்ததைக் கண்ணால் பிடித்த பிறகே நடங்கள். ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பாருங்கள். இரவில் இறங்கும்போது எதிர்த்திசையிலிருந்து அந்த இடம் எப்படித் தெரியும் என்பதை மனத்தில் பதிய வைக்க வேண்டும். கடைசிச் சிறு தூரம் பாறைச் சுவரை வெட்டிய விளிம்புப் பாதை. அகலம் போதுமானதுதான், ஆனால் ஒரு பக்கம் பள்ளம். உயரம் கண்டு அஞ்சுகிறவர்கள் சுவர்ப்பக்கம் கை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களை வெளிப்பக்கமாகப் போகச் சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திருப்பத்தில் சட்டென்று தெரியும். எந்தச் சுவரோடும் ஒட்டாமல், கிண்ணம்போன்ற பாறையின் விளிம்பில், தனியாக நிற்கும் வளைவு. திறப்பு மட்டும் 46 அடி உயரம். நம் பாலைத் திணையில் பிரிவுதான் உரிப்பொருள். இங்கே உட்கார்ந்து அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். பாறை பாறையிலிருந்து பிரிந்து பிரிந்துதான் இது உண்டானது. கிண்ணத்தின் மேல்விளிம்பில் இடம் பார்த்து அமருங்கள். சூரியன் இறங்க இறங்கப் பாறை காவியாகி, செம்மையாகி, கடைசியில் ஊதாவாகும். வளைவின் அடியில் நின்று படம் எடுக்க வரிசை இருக்கும். உங்கள் முறை வந்தால் விரைவாக எடுத்துக்கொண்டு விலகுங்கள், சரிவான பக்கம் போகாதீர்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். அவர்களோடு சேர்ந்து இறங்குங்கள். தனியாக வந்தவர்கள் இந்த ஒரு நேரத்தில் கூட்டத்தைத் தேடிச் சேர வேண்டும். ஹெட்லேம்ப் இல்லாமல் தடுமாறும் யாராவது நிச்சயம் இருப்பார்கள், அவருக்குப் பின்னால் வெளிச்சம் காட்டியபடி நடங்கள். ஆர்ச்சஸ் 2019 முதல் சர்வதேச இருள் வானப் பூங்கா. காருக்கு வந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும் வரை பொறுத்திருந்து மேலே பாருங்கள். நிலவில்லாத இரவென்றால் பால்வீதி மலைக்கு மலை நீண்டு கிடக்கும்.

ஊருக்கு அரை மணி நேர ஓட்டம். மெதுவாகப் போங்கள், மான்கள் வெளியே வரும் வேளை. அறைக்கதவைத் திறந்ததும், காலணியைக் கழற்றும் முன்பே, காலையில் திட்டம் அனுப்பிய நண்பருக்கு "வந்துவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.